இறந்த கணிப்பொறி எழுந்த கதை

சென்ற ஐப்பசியில் ஒரு மாலைப்பொழுது. தேவகோட்டைப் பேருந்து நிலையத்திற்கு அருகே என் தாய்மாமா நடத்திவரும் ஜெராக்ஸ் கடையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கணிப்பொறியை நான் கொன்றுவிட்டேன். கொன்றுவிட்டேன் என்பது மிகையான சொல் அன்று. அதைப் பார்த்த பழுதுபார்ப்போர் இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "போர்டு செத்துப்போச்சு, வேற மாத்திருங்க." நான் இயற்பியல் மாணவன், கணிப்பொறி என் பாடமன்று. ஆயினும் பன்னிரண்டு நாட்கள் அதனோடு மல்லுக்கட்டியதில் நான் தெரிந்துகொண்டவை நம் கல்லூரி நண்பர்கள் சிலருக்கேனும் உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். என் தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

மாமாவின் கடையில் இருப்பவை மூன்று கணிப்பொறிகள். இரண்டு, விண்ணப்பம் அனுப்பவும் சான்றிதழ் எடுக்கவும். மூன்றாவதுதான் சோறு போடுவது. எங்கள் பகுதியில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் வந்தவர்கள் கையில் ஒரு மலர் கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு என்பதைச் செட்டிநாட்டு நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிகங்கள், குடும்பத்தின் பழைய புகைப்படங்கள், உறவினர் வாழ்த்துரைகள் எல்லாம் சேர்த்து அழகாகப் பக்கம் அமைக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் மூன்றாவது பொறியில்தான். அதில் மாமா இருபது ஆண்டுகளாகப் பழகிய பழைய மென்பொருளும், இன்று தேடினாலும் கிடைக்காத தமிழ் எழுத்துருக்களும் இருக்கின்றன. அப்போது ஒரு மணிவிழா மலருக்கு 112 பக்கங்கள் முடிந்திருந்தன. கார்த்திகை நடுவில் விழா. முன்பணம் வாங்கிக் காகிதமும் வாங்கியாகிவிட்டது.

அந்தப் பொறியின் மதர்போர்டு 2013-இல் வந்த வகை. இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் செயலிக்காகச் செய்யப்பட்டது. அதே தலைமுறையில் சிறு திருத்தங்களுடன் 2014-இல் வேறு சில செயலிகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றை மாமா குறைந்த விலைக்குப் பழைய சரக்காக வாங்கி வைத்திருந்தார். அதைப் பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் போர்டு அந்தச் செயலியை அடையாளம் காண வேண்டுமானால் முதலில் அதன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலை மாமா" என்றேன்.

"மலர் முடியட்டும் மாப்ளே. ஓடுற மாட்டை எதுக்குக் கிளப்பிக்கிட்டு" என்றார் மாமா.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் தொடங்கினேன். வந்து பார்த்து வியப்பார் என்று எண்ணினேன். யு.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியம் வேறு. அந்த யு.பி.எஸ்ஸின் பாட்டரி எப்போதோ ஓய்ந்துபோய், அது வெறும் மின்பலகையாகத்தான் பயன்பட்டு வந்தது என்பது எனக்குத் தெரியாது. திரையில் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. வெளியே மழை, ஓர் இடி, கடைத்தெரு முழுவதும் இருட்டு. கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து பொத்தானை அழுத்தியபோது விசிறி மட்டும் முழு வேகத்தில் சுற்றியது. திரை கறுப்பு. ஒலி இல்லை. எத்தனை முறை அழுத்தினாலும் அதே கதைதான்.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னால் போக வேண்டும்.

மின்சாரம் வந்த கணத்தில் ஒரு செயலிக்கு எதுவும் தெரியாது. அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. விண்டோஸ் வட்டில் இருக்கிறது உண்மைதான். ஆனால் வட்டு என்று ஒன்று இருப்பதோ, அதைப் படிக்கும் முறையோ அதற்குத் தெரியாது. அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. பிறவியிலேயே அதற்குள் பதிக்கப்பட்ட ஒரு முகவரிக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் கட்டளையை நிறைவேற்றும். இன்றைய வகைச் செயலிகளில் அந்த முகவரி 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. மதர்போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் எட்டுக்கால் சில்லின் கடைசிப் பகுதிதான் அந்த முகவரியில் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கி நினைவகத்தைச் சோதிப்பது, திரையை எழுப்புவது, விசைப்பலகையைக் கண்டறிவது, கடைசியாக வட்டிலிருந்து விண்டோஸை அழைப்பது வரை அனைத்தையும் செய்யும் நிரல் அந்தச் சில்லுக்குள் இருக்கிறது. இப்படிப் பொறியோடு சேர்ந்தே வாழும் நிரலுக்குப் பொதுப்பெயர் ஃபர்ம்வேர். கணிப்பொறியில் அதற்குப் பழகிய பெயர் பயாஸ். புதிய போர்டுகளில் இருப்பது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ என்றாலும் கடைத்தெருவில் இன்றும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பெயரை 1975-இல் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் தம் சிபி/எம் இயக்கமுறைமைக்காகப் படைத்தார். 1981-இல் ஐபிஎம் தன் பீசியை வெளியிட்டபோது பயாஸை மாற்ற முடியாத ராம் சில்லில், அதாவது படிக்க மட்டுமே இயலும் சில்லில் பதித்துக் கொடுத்தது. (இந்த ராம் வேறு, நாம் ஜிபி கணக்கில் வாங்கும் ராம் வேறு, தமிழில் இரண்டையும் ஒன்றுபோல எழுத வேண்டியிருப்பது நம் தலைவிதி.) மாற்ற முடியாதது என்பதால் அது கெட்டுப்போகவும் வழியில்லை. இன்டெல்லில் பணிபுரிந்த டோவ் ஃப்ரோமன் 1971-இல் கண்ட ஈப்ராம் சில்லை அழிக்க வேண்டுமானால், அதன் முதுகில் இருக்கும் கண்ணாடிச் சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்ச வேண்டும். யாரும் கைதவறிச் செய்துவிடக்கூடிய வேலையன்று அது.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்த ஃப்ளாஷ் நினைவகம்தான் எல்லாவற்றையும் எளிதாக்கியது. எளிதாகக் கெடவும் வைத்தது. ஒரு பெரும் பகுதியை நொடியில் அழித்துவிடுவதைப் பார்த்த அவருடைய சக ஆய்வாளர் அரிசுமி, புகைப்படக் கருவியின் ஃப்ளாஷ் ஒளி போல இருக்கிறதே என்றாராம், பெயர் நிலைத்துவிட்டது. இந்த நினைவகத்திற்கு ஒரு குணம் உண்டு. இதில் 1 என்பதை 0 ஆக்கலாம். 0 என்பதை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் அந்தப் பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அழித்தபின் எல்லாம் 1. ஆகவே ஒரு சொல்லை மாற்றவும் முதலில் சிலேட்டைத் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். துடைத்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவே மின்சாரம் போனால் சிலேட்டில் பழைய பாடமும் இல்லை, புதிய பாடமும் இல்லை.

சரி, மறுபடி எழுதிவிட்டால் போகிறது என்று தோன்றும். யார் எழுதுவது? எழுதும் நிரலை ஓட்ட வேண்டியது இதே கணிப்பொறி. அது ஓட வேண்டுமானால் பயாஸ் வேண்டும். சாவியைப் பெட்டகத்திற்குள் வைத்துப் பெட்டகத்தைப் பூட்டியது போல.

இதே விபத்தை வேண்டுமென்றே உலகம் முழுவதற்கும் செய்த ஒருவர் உண்டு. அவரும் நம்மைப் போல ஒரு கல்லூரி மாணவர்தாம். தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதிய நச்சுநிரல் அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் சிஐஎச் என்று அழைக்கப்படுகிறது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த நாளும் ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் நச்சுநிரல் என்றும் சொல்வார்கள். வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு நில்லாமல், இயன்ற இடங்களில் பயாஸ் சில்லிலும் குப்பையை எழுதியது. தென் கொரியாவிலும் துருக்கியிலும் பேரிழப்பு. அன்று செத்த போர்டுகளுக்கு வந்த நோயும் மாமாவின் போர்டுக்கு வந்த நோயும் ஒன்றே.

கையெட்டாத தொலைவில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1976-இல் செவ்வாயில் இறங்கி ஆறாண்டுகளுக்கு மேல் உழைத்த வைக்கிங்-1 கலத்திற்கு, 1982 நவம்பரில் மின்கலத்தை நன்றாகப் பேணும்படி புதிய நிரலைப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். அந்தக் கட்டளையில் இருந்த பிழையால், பூமியை நோக்கி ஆண்டெனாவைத் திருப்புவதற்கான குறிப்புகளின்மேலேயே அது எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் கலம் பேசவே இல்லை. அதைத் திறந்து சில்லைக் கழற்ற அங்கே யாருமில்லை. மாமாவின் பொறி செவ்வாயில் இல்லை, தேவகோட்டையில் இருக்கிறது என்பதே அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நூத்திப் பன்னெண்டு பக்கமும் போச்சா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை. பயாஸ் வேறு, வட்டு வேறு. வட்டைக் கழற்றி அடுத்த பொறியில் இணைத்து, மலரின் கோப்புகள் அனைத்தும் இருப்பதைக் காட்டினேன். ஆனால் அந்த வட்டைக்கொண்டே அடுத்த பொறியைத் தொடங்கப் பார்த்தபோது விண்டோஸ் நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டது. கோப்புகள் உண்டு, அவற்றைத் திறக்கும் மென்பொருளும் எழுத்துருக்களும் அங்கே ஓடமாட்டா. அந்த வகை மதர்போர்டு இப்போது புதிதாக வருவதில்லை. புதிய வகை வாங்கினால் செயலியும் நினைவகமும் சேர்த்து வாங்க வேண்டும், பதினைந்தாயிரத்திற்குக் குறையாது. அந்த மாதம் மாமாவிடம் அவ்வளவு பணம் இல்லை. மழையில் கடைக்கு வருவோரும் குறைவு.

ஒரு போர்டு உண்மையிலேயே பயாஸால்தான் செத்திருக்கிறதா என்று எப்படி அறிவது? ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் பாடம்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை.

முதலில் மின்வழங்கி. அதன் பெரிய 24 முனை இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித்துண்டால் இணைத்தால் மின்வழங்கி தனியாகவே ஓடும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், வந்தது.

அடுத்து, காசளவு இருக்கும் பாட்டரி. எந்தக் கோளாறானாலும் அதைக் கழற்றிப் போடச் சொல்வது நம் ஊர் வைத்தியம். பயாஸ் அமைப்புகளைத் தவறாக மாற்றியதால் வந்த கோளாறு என்றால் அது பலிக்கும். ஏனெனில் நாள், நேரம், நாம் தேர்ந்த அமைப்புகள் முதலியவை அந்தப் பாட்டரியின் தயவில் வாழ்பவை. ஆனால் பயாஸ் நிரல் பாட்டரியை நம்பி இருப்பதன்று. பாட்டரியை எடுத்துவிட்டு இரவு முழுவதும் வைத்திருந்தாலும் அழிந்த நிரல் திரும்பி வராது. நானும் வைத்திருந்தேன். வரவில்லை.

மூன்றாவது சோதனைதான் முடிவானது. போர்டில் சிறு ஒலிபெருக்கியை இணைக்க நான்கு முனைகள் உண்டு. ஓர் ஒலிபெருக்கியை இணைத்துவிட்டு, நினைவகப் பலகையைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். உயிருள்ள போர்டு என்றால், நினைவகம் எங்கே என்று கூச்சல் போடும். கூச்சல் போடுவதும் பயாஸின் வேலைதான். இங்கே ஒலியே இல்லை. விசிறி முழு வேகத்தில் சுற்றுவதற்கும் காரணம் அதுவே. வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை. செயலியே பழுதாகியிருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம் என்பது உண்மை. ஆனால் சாகும் நொடிவரை நன்றாக ஓடியது, செத்தது எழுதும் நேரத்தில் என்பதால் என் ஐயம் சில்லின்மேலேயே நின்றது.

இத்தகைய விபத்துக்கென்றே தயாரிப்பாளர்கள் சில கதவுகளை வைத்திருக்கிறார்கள். பயாஸின் தொடக்கத் துண்டு மட்டும் பிழைத்திருந்தால், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைப் பென் டிரைவிலிருந்து அது தானே படித்துக்கொள்ளும். பழைய நாட்களில் இதையே ஃப்ளாப்பியால் செய்தார்கள். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சில்லுகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது எழும். வேறு சிலவற்றில், செயலி இல்லாமலே பென் டிரைவிலிருந்து எழுதிக்கொள்ளும் பொத்தான் உண்டு. புதிதாக வாங்குவோர் இவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. மாமாவின் போர்டில் முதல் வழி மட்டுமே இருந்தது. பென் டிரைவின் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. தொடக்கத் துண்டும் போயிருந்தது.

ஆறாம் நாள் ஒரு தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணனிடம் போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய பெருவயிற்றுத் தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்தே முடி நரைத்தவர். கணிப்பொறி எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போர்டைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஐசி சாக்கெட்டுல தானே உக்காந்திருக்கு? அப்புறம் எதுக்குப் போர்டை மாத்தணுங்கிறாங்க?"

கலர் தொலைக்காட்சிகளில் 24சி08 போன்ற எட்டுக்கால் நினைவகச் சில்லு உண்டு. அலைவரிசைகளும் திரை அளவுகளும் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அது குழம்பினால் தொலைக்காட்சி எழாது, அல்லது கண்டபடி எழும். அதைக் கழற்றி வெளியே வைத்து எழுதி மறுபடி மாட்டுவது அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். "இதுவும் அது மாதிரிதான். பூட்டின வீட்டைப் பூட்டைத் திறந்துதான் உள்ள போகணும்னு இல்ல, ஓடு பிரிச்சும் இறங்கலாம்" என்றார். ஆறு நாட்களாக நான் கதவையே தட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சில்லின் முதுகில் 25க்யூ64 என்று எழுதியிருந்தது. 64 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். இவ்வகைச் சில்லை வெளியிலிருந்து படிக்கவும் எழுதவும் சிஎச்341ஏ என்னும் சிறு கருவி இருக்கிறது. யு.எஸ்.பி. துளையில் செருகிக்கொள்ளலாம். சென்னையில் படிக்கும் நண்பன் ரிச்சி தெருவில் வாங்கி அனுப்பினான். அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

கருவி வந்ததும் சில்லைச் செருகக் கை துடித்தது. "முதல்ல அளந்து பாரு தம்பி" என்றார் அண்ணன். அளந்தோம். சில்லு 3.3 வோல்ட்டில் வாழ்வது. கருவியும் மின் முனையில் 3.3 வோல்ட்தான் கொடுத்தது. ஆனால் தகவல் செல்லும் கால்களில் 5 வோல்ட் காட்டியது! கறுப்புப் பலகையில் வரும் இக்கருவியின் பெயர்போன குறை இது. பல சில்லுகள் பொறுத்துக்கொள்கின்றன. எல்லாம் பொறுக்கும் என்று சொல்வதற்கில்லை. அண்ணன், கருவியின் மையச் சில்லுக்கு 5 வோல்ட் செல்லும் காலைப் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி, 3.3 வோல்ட் வரும் இடத்தோடு ஒரு மெல்லிய கம்பியால் பற்றவைத்தார். மீண்டும் அளந்தபோது எல்லாக் கால்களிலும் 3.3.

பிறகுதான் போர்டின் சில்லைக் கழற்றினோம். சில்லின் ஒரு முனையில் சிறு பள்ளம் இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று முதலில் படம் எடுத்துக்கொண்டேன். திருப்பி மாட்டினால் சில்லு எரிந்துவிடும். என் அவசரத்தில் ஒரு கால் வளைந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாமணத்தால் நிமிர்த்தினார்.

இனி இந்தக் கட்டுரையில் யாரேனும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எழுதுவதற்கு முன் படியுங்கள். கெட்ட உள்ளடக்கம்தானே என்று அழித்துவிடக்கூடாது. வலையமைப்பு முகவரி, தொடர் எண் போன்ற அந்தப் போர்டுக்கே உரிய சில விவரங்கள் பல போர்டுகளில் இச்சில்லிலேயே இருக்கின்றன. தயாரிப்பாளர் வெளியிடும் பொதுக் கோப்பில் அவை இரா. லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற இலவச நிரலைக்கொண்டு இரண்டு முறை படித்து ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறாக இருந்தன! ஒரே சுவடியை இருமுறை படித்து இரு பாடம் வந்தால் குற்றம் சுவடியில் அன்று, கண்ணில். சில்லின் கால்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்துவிட்டு மீண்டும் இருமுறை படித்தேன். இம்முறை ஓர் எழுத்தும் மாறவில்லை.

படித்ததை எண்களாகத் திரையில் விரித்தோம். முற்பகுதியில் பலவகை எண்கள். நெடுந்தூரம் நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் திடீரென்று எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். எட்டுப் பிட்டும் 1 ஆக இருந்தால் எஃப்எஃப். அதாவது துடைத்த சிலேட்டு. அங்கிருந்து கடைசிவரை வேறெதுவும் இல்லை. செயலி முதல் கட்டளையைத் தேடிப் போகும் அந்தக் கடைசி 16 பைட்டுகளிலும் எஃப்எஃப்தான். மாமாவின் கடையில் இடி விழுந்த கணம் அந்த எல்லைக்கோட்டில் அப்படியே உறைந்து நின்றது. வெறுமையைப் பார்த்து அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு அதுவரை வந்ததில்லை. போர்டு சாகவில்லை, அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் எழுத்தைத்தான் நான் துடைத்துவிட்டிருந்தேன்.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த கோப்பை எழுதப் பார்த்தால், அளவு பொருந்தவில்லை என்று நிரல் மறுத்தது. கோப்பில் 83,90,656 பைட்டுகள். சில்லில் இடம் 83,88,608. வேறுபாடு 2,048. இது பிழையன்று, கோப்பின் முன்னே ஒட்டிய உறை. போர்டின் சொந்த நிரல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்காக வைத்தது. சில்லுக்குள் போக வேண்டியதன்று. அதை வெட்டிவிட்டுப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகப் பொருந்தியது. கடைசி 16 பைட்டுகளில் எஃப்எஃப் அல்லாத எண்கள் இருப்பதையும் பார்த்துக்கொண்டேன். உறையோடு எழுத முடிந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் 2,048 இடம் தள்ளி உட்கார்ந்திருக்கும். கதை பழையபடி ஆகியிருக்கும். எழுதவும், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடவும் சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சில நிமிடங்கள் மின்சாரம் போகாதிருக்க வேண்டுமே என்று மடிக்கணினியின் பாட்டரியை முழுவதும் ஏற்றி வைத்திருந்தேன்.

சில்லைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினோம். விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மூன்று நொடியில் தானே நின்றுவிட்டது. எனக்கு மூச்சு நின்றது. பிறகு அதுவாகவே எழுந்தது. விசிறியின் இரைச்சல் மெல்லத் தணிந்தது. அது தணிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் சின்னதாக ஓர் ஒலி. திரையில் தயாரிப்பாளரின் பெயர். முதன்முறை எழும் போர்டு நினைவகத்தைப் பழகிக்கொள்ள இப்படி ஓரிரு முறை நின்று எழுவது இயல்பு என்று பின்னர் படித்தேன். முன்பே படித்திருக்கலாம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலையமைப்பு முகவரி 88-88-88-88-87-88 என்று மாறியிருந்தது. தனக்குரிய முகவரி இல்லாதபோது அந்தப் போர்டு காட்டும் பொய் முகவரி அது. அதன் உண்மை முகவரி நான் அழித்த பகுதியில் போய்விட்டது போலும். நல்லவேளையாகப் போர்டில் ஒட்டியிருந்த தாளில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து விண்டோஸில் எழுதிக்கொண்டேன். தொடக்கத்திலேயே, நன்றாக ஓடிய நாளிலேயே ஒரு படி எடுத்து வைத்திருந்தால் இதுவும் தேவைப்பட்டிராது.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு சொல். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபின் நம்மில் பலர் வீட்டில் ஒன்றேனும் இருக்கிறது. அக்காவோ அண்ணனோ வாங்கியது இப்போது பரணில் கிடக்கலாம். மடிக்கணினிகளில் இச்சில்லு சாக்கெட்டில் இராது, போர்டோடு பற்றவைத்திருக்கும். அதற்கு எட்டு முனை கவ்வி ஒன்று கிடைக்கிறது. சில்லைக் கழற்றாமலே கவ்விப் பிடித்துப் படிக்கலாம். மின் இணைப்பு, பெரிய பாட்டரி, காசளவு பாட்டரி மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் கவ்வியை வைக்க வேண்டும். பாடம் ஒத்துவராவிட்டால், போர்டின் மற்ற பகுதிகள் மின்சாரத்தை இழுக்கின்றன என்று பொருள். அப்போது பற்றவைப்பை உருக்கிச் சில்லைக் கழற்றத் தெரிந்தவரிடம் போக வேண்டும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் சில்லு 1.8 வோல்ட்டில் இயங்குவது. அதற்குத் தனி இணைப்பி இல்லாமல் தொடவே கூடாது. சில்லின் எண்ணைப் படித்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

மலர் குறித்த நாளில் அச்சுக்குப் போனது. அதுவரை புதிய செயலியைத் தொட மாமா விடவில்லை; அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மலர்க் கட்டுகள் வண்டி ஏறிய மறுநாள் அவரே இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து நீட்டினார். யு.பி.எஸ்ஸில் புதிய பாட்டரி போட்டிருந்தார்.

"இப்ப மாட்டு மாப்ளே" என்றார். அன்றைக்கு அவர் தேநீர் குடிக்கப் போகவில்லை. வரவழைத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தார்.